உப்பில்லாத டப்பாவின் கதை

நாய்க்கென்றே தயாரித்து விற்ற முதல் பெரிய வணிக உணவு 1860களில் லண்டனில் வந்தது. அதைச் செய்தவர் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலிருந்து இடிதாங்கி விற்க வந்த ஜேம்ஸ் ஸ்ப்ராட். துறைமுகத்தில் மாலுமிகள் எறிந்த கப்பல் பிஸ்கட்டைத் தெருநாய்கள் அடித்துப் பிடித்துத் தின்பதைப் பார்த்ததும் அவருக்கு இந்த யோசனை வந்தது என்பார்கள். கோதுமை மாவு, பீட்ரூட், காய்கறி, உலர்ந்த மாட்டிறைச்சி எல்லாம் சேர்த்துச் சுட்ட கெட்டி பிஸ்கட் அது. இறைச்சி அமெரிக்கப் புல்வெளி மாடுகளுடையது என்று விளம்பரத்தில் பெருமை பேசியவர்கள், கூடவே இன்னொரு விவரத்தையும் சேர்த்தார்கள்: அது உப்பிடாத இறைச்சி.

"டாக்டரம்மா, டின் கறி குடுக்கலாமா?" என்று கேட்பவர்களுக்கு நான் இந்த விவரத்தைத்தான் முதலில் சொல்வேன். சென்னையில் நாய் வைத்தியம் பார்த்தே தலை நரைத்தவள் நான். கப்பலில் வேலை பார்க்கும் பிள்ளை கொண்டுவந்தது, துபாயிலிருந்து மச்சான் கொடுத்தனுப்பியது, பர்மா பஜாரில் வாங்கியது என்று ஏதோ ஒரு வழியில் லஞ்சன் மீட் டப்பா நம் வீடுகளுக்குள்ளும் வந்து சேர்ந்துவிடும். வீட்டில் பாதிப் பேருக்கு அந்த வாடை பிடிக்காது. மிச்சம் நாய்த் தட்டுக்குப் போகும். கறிதானே, நாய்க்கு ஆகாதா என்ன?

கறி நாய்க்கு ஆகும். டப்பாவும் ஆகும். இரண்டும் சேர்ந்த டின் கறிதான் சிக்கல். ஏன் என்று புரிய, தகர டப்பாவின் 200 ஆண்டுக் கதையைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டும். அந்தக் கதையில் மனிதருக்கான டப்பா ஒரு வழியில் போனது, நாய்க்கான டப்பா வேறு வழியில் போனது.

தொடக்கம் பிரான்சில். நிக்கோலா அப்பேர் என்ற மிட்டாய்க்காரர், உணவைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்து, காற்றுப் புகாமல் மூடி, வெந்நீரில் நெடுநேரம் கொதிக்கவைத்தால் மாதக்கணக்கில் கெடுவதில்லை என்று கண்டார். 1810இல் அதைப் புத்தகமாக எழுதி வெளியிட்டார். பிரெஞ்சு அரசு 12,000 பிராங்க் பரிசு கொடுத்தது. அதே ஆண்டு லண்டனில் பீட்டர் டுராண்ட் என்பவர், புட்டிக்குப் பதில் தகர டப்பாவையும் பயன்படுத்தலாம் என்று காப்புரிமை வாங்கினார். பிரையன் டான்கின், ஜான் ஹால் ஆகியோர் அந்த உரிமையை வைத்து பெர்மாண்ட்சியில் ஆலை தொடங்கினார்கள். 1813 வாக்கில் அவர்களுடைய டப்பாக்கள் பிரிட்டிஷ் கடற்படைக்குப் போகத் தொடங்கின.

இந்த முறையின் அடிப்படை நெருப்பு மட்டும்தான். அதுவரை கப்பலில் கறி என்றால் பீப்பாயில் உப்பில் ஊறிய மாட்டிறைச்சிதான். அப்பேரின் முறையில் உப்பு தேவைப்படவில்லை. சூடு கிருமியைக் கொல்லும், மூடி புதுக் கிருமியைத் தடுக்கும், அவ்வளவுதான். ஏன் கெடவில்லை என்பது அப்பேருக்கே தெரியாது. லூயி பாஸ்டர் வந்து நுண்ணுயிர்களைக் காட்டிய பிறகுதான் உலகத்துக்குக் காரணம் புரிந்தது.

காரணம் புரிவதற்குள் ஒரு பெரிய அசிங்கம் நடந்து முடிந்திருந்தது. ஸ்டீபன் கோல்ட்னர் என்ற ஒப்பந்தக்காரர் மலிவு விலையில் கடற்படைக்கு டின் கறி கொடுத்துவந்தார். 1852இன் தொடக்கத்தில் அதிகாரிகள் சேமிப்புக் கிடங்கில் டப்பாக்களைத் திறந்து சோதித்தார்கள். பெரும்பாலானவை அழுகிக் கிடந்தன. நாற்றம் தாங்காமல் தரையில் குளோரின் சுண்ணாம்பைக் கொட்டவேண்டியிருந்தது என்று அக்காலப் பத்திரிகைகள் எழுதின. டப்பா பெரிதாகப் பெரிதாக நடுப்பகுதிக்குச் சூடு எட்டுவதில்லை என்பது பிற்காலத்தார் கண்ட காரணங்களில் முக்கியமானது.

இங்கே கொஞ்சம் நுணுக்கம் பேசியாக வேண்டும், ஏனென்றால் நாயின் பிரச்சினை இந்த இடத்தில்தான் பிறக்கிறது. டப்பாவுக்குள் நமக்கு எமன் குளோஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற நுண்ணுயிர். காற்றில்லாத இடத்தில்தான் அது செழிக்கும். அதன் வித்துகள் கொதிநீரின் 100 டிகிரிக்கு மசிவதில்லை. அழுத்தக் கலத்தில் வைத்து, டப்பாவின் நடுப்பகுதியை 121 டிகிரி செல்சியஸில் சுமார் 3 நிமிடம் நிறுத்தினால்தான் சாகும். எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்ற கணக்கை 1890களின் நடுவில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் சாமுவேல் பிரெஸ்காட்டும், வில்லியம் அண்டர்வுட்டும் சோதித்துச் சோதித்து ஒழுங்குபடுத்தினார்கள். அதன்பிறகு டப்பா உணவு நம்பிக்கையான தொழிலாயிற்று. ஒழுங்காகச் சூடாக்கிய டப்பாவில் உப்பு ஒரு கல்கூட இல்லாவிட்டாலும் கறி ஆண்டுக்கணக்கில் நிற்கும்.

ஆனால் மனித நாக்கு சும்மா இருக்குமா? உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது நம் ஊர்ச் சட்டம் மட்டும் இல்லை. பீப்பாய்க் கறி தின்று பழகிய நாக்குகளுக்கு டப்பாவிலும் அந்த ருசி வேண்டியிருந்தது. 1875இல் சிகாகோவில் லிபி நிறுவனத்தார், ஒரு முனை அகன்று மறுமுனை குறுகிய டப்பாவில் உப்பூட்டிய மாட்டிறைச்சியை அடைத்தார்கள். அகன்ற முனையைத் திறந்து தட்டினால் கறி முழுசாக வழுக்கிக்கொண்டு வெளியே வரும், கத்தியால் துண்டு போடலாம். கார்ன்ட் பீஃப் டப்பா இன்றும் அதே வடிவத்தில்தான் வருகிறது. தென்னமெரிக்காவில் உருகுவேயின் ஃப்ரே பென்டோஸ் ஊர் இந்தத் தொழிலாலேயே பேர் வாங்கியது. போயர் போர், முதல் உலகப் போர் என்று பிரிட்டிஷ் சிப்பாய் போன இடமெல்லாம் இந்தக் கறியும் கூடவே போனது.

நாய்க்கு டப்பா வந்தது முதல் உலகப் போருக்குப் பிறகு. அதற்குக் காரணம் குதிரை. மோட்டார் வண்டியும் டிராக்டரும் பெருகப் பெருக அமெரிக்காவில் லட்சக்கணக்கான குதிரைகளுக்கு வேலை போயிற்று. குதிரைக்கறி தின்னும் வழக்கம் அங்கே இல்லை. 1922இல் இல்லினாய் மாநிலத்தின் ராக்ஃபோர்டு ஊரில் சேப்பல் சகோதரர்கள் அந்தக் கறியை டப்பாவில் அடைத்து 'கென்-எல் ரேஷன்' என்ற பெயரில் நாய்க்கு விற்றார்கள். சினிமாவில் புகழ்பெற்ற ரின் டின் டின் நாயின் வானொலித் தொடருக்கு 1930இல் விளம்பரதாரராக நின்றார்கள். குதிரையைத் தோழனாக நினைத்தவர்களுக்கு இது பிடிக்கவில்லை. இரக்கமும் கோபமும் தலைக்கேறிய ஒருவர் 1925இல் அந்த ஆலையையே தகர்க்கப் பார்த்தார். ஆனாலும் வியாபாரம் நிற்கவில்லை. 1941 வாக்கில் அமெரிக்க நாயுணவுச் சந்தையில் பத்தில் ஒன்பது பங்கு டப்பாவினுடையது என்பார்கள்.

இந்த நாய் டப்பா நின்றது அப்பேரின் பழைய வழியில். கறி, கொஞ்சம் தானியம், தண்ணீர், முழுச் சூடு. நாய் உணவில் உப்பு சேர்ப்பது உண்டு. அது சத்துக் கணக்குக்கும் ருசிக்கும் சேர்ப்பது. டப்பா கெடாமலிருக்க அது தேவைப்படுவதில்லை. கறி குழைந்து கூழானால்கூட நாய் புகார் சொல்லாது. சேப்பல் சகோதரர்களின் இங்கிலாந்துக் கிளையை 1930களின் நடுவில் மிட்டாய் வியாபாரி ஃபாரஸ்ட் மார்ஸ் வாங்கினார். 'சாப்பி' என்ற பெயரில் அது அங்கே வளர்ந்தது. இன்று நம் தெருமுனைக் கடையில் தொங்கும் பெடிகிரி பொட்டலமும் அதே மார்ஸ் குடும்ப நிறுவனத்துடையதுதான்.

இனி மனிதரின் டப்பா. மினசோட்டா மாநிலத்தின் ஆஸ்டின் ஊரில் ஜார்ஜ் ஹார்மல் 1891இல் தொடங்கிய இறைச்சி நிறுவனம், அவர் மகன் ஜே ஹார்மல் காலத்தில் டப்பாவுக்குள் நுழைந்தது. 1926இல் முழுப் பன்றித் தொடையை டப்பாவில் அடைத்து விற்றார்கள். அதிகம் விலைபோகாத பன்றித் தோள்கறியை என்ன செய்வது என்ற கேள்விக்கு விடையாக 1937இல் வந்தது ஸ்பாம். பெயர் வைக்கப் போட்டி வைத்தார்கள். நிறுவன அதிகாரி ஒருவரின் சகோதரரான நடிகர் கென் டெய்னோ வென்று 100 டாலர் வாங்கிக்கொண்டார்.

ஒரு ஸ்பாம் டப்பாவைக் கையில் எடுத்துப் பாருங்கள். 340 கிராம். மூடியை இழுத்தால் மேலே மெல்லிய கூழ்ப் படலம், விளிம்போரம் வெள்ளையாக உறைந்த கொழுப்பு. கவிழ்த்துத் தட்டினால் டப்பாவின் மடிப்புகள் பதிந்த இளஞ்சிவப்புக் கட்டி தட்டில் விழும். கத்தி வைத்தால் உதிராமல், ஒட்டாமல் சீராக அறுபடும். லேபிளில் ஆறே பொருட்கள்: பன்றிக்கறி, உப்பு, தண்ணீர், உருளைக்கிழங்கு மாவுச்சத்து, சர்க்கரை, சோடியம் நைட்ரைட்.

அந்தச் சீரான துண்டுக்குப் பின்னால் இருக்கும் வேலையைச் செய்வது உப்பு. அரைத்த கறியில் உப்புச் சேர்த்துப் பிசைந்தால் தசைப் புரதம் கசிந்து பசையாகும். வேகும்போது அந்தப் பசைதான் துண்டுகளை ஒன்றாகப் பிடிக்கிறது. இரண்டாவது வேலை ருசி. மூன்றாவது வேலைதான் நம் விஷயத்துக்கு முக்கியம். லஞ்சன் மீட்டை 121 டிகிரியில் முழுக்கணக்குக்கு வேகவிட்டால் நீரும் கொழுப்பும் பிரிந்து, ஓரம் கருகி, யாரும் வாயில் வைக்க முடியாது. அதனால் சூட்டைக் குறைத்துக்கொள்கிறார்கள். குறைத்த சூட்டுக்குத் தப்பும் வித்துகள் முளைக்காமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உப்புக்கும் நைட்ரைட்டுக்கும் போகிறது. கறியில் நைட்ரைட்டை நேரடியாகச் சேர்க்க அமெரிக்க வேளாண் துறை 1925இல் அனுமதி கொடுத்தது. அரைத்த கறியில் கிலோவுக்கு 156 மில்லிகிராமுக்கு மேல் போடக்கூடாது என்பது இன்றைய வரம்பு.

ஆக, நாய் டப்பாவைக் காப்பது நெருப்பு. ஸ்பாமைக் காப்பது பாதி நெருப்பு, பாதி உப்பும் நைட்ரைட்டும். அந்தக் கறியிலிருந்து உப்பை எடுத்துவிட்டால் பெயரும் நிற்காது, கறியும் நிற்காது.

இரண்டாம் உலகப் போர் இந்த இரண்டு டப்பாக்களின் தலைவிதியையும் ஒரே ஆண்டில் மாற்றியது. நம்மவர்கள் ரப்பர் தோட்டங்களில் வியர்வை சிந்திய மலாயா, உலகத்துக்கு வெள்ளீயம் கொடுத்த நாடும்கூட. 1942இன் தொடக்கத்தில் அது ஜப்பானியர் கைக்குப் போனது. இரும்புத் தகட்டின்மேல் பூச வெள்ளீயம் இல்லாமல் டப்பா ஏது? அமெரிக்கப் போர் உற்பத்தி வாரியம் எம்-81 என்ற ஆணையால் நாய் உணவுக்கு டப்பா கொடுப்பதை நிறுத்தியது. இருந்த தகரமெல்லாம் போர்முனைக்குப் போகும் உணவுக்குத் திரும்பியது. நாய் டப்பா மறைந்த காலத்தில் ஸ்பாம் கோடிக்கணக்கான கிலோ கடல் கடந்து போயிற்று. ஹவாய், குவாம், ஒகினாவா, பிலிப்பைன்ஸ், தென்கொரியா ஆகிய இடங்களில் அமெரிக்கப் படை விட்டுவந்த பழக்கங்களில் ஸ்பாமும் ஒன்று. அது இல்லாமல் எங்கள் படைக்குச் சோறு போட்டிருக்க முடியாது என்ற பொருளில் சோவியத் தலைவர் குருஷ்சேவ் தம் நினைவுக்குறிப்புகளில் எழுதினார்.

டப்பாவை இழந்த நாய் உணவுக்காரர்கள் உலர் உணவுக்கு மாறினார்கள். இன்று நாம் கிண்ணத்தில் கொட்டும் மொறுமொறு உருண்டைகளின் காலம் அப்படித்தான் சூடு பிடித்தது.

இதே காலத்தில் ஆய்வுக்கூடங்களில் இன்னொரு பாடம் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது: மனிதன் தின்று செரிக்கிற எல்லாம் நாய்க்கு ஒத்துக்கொள்ளாது. 1930இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையின் செப்ரெல், வெங்காயம் தின்ற நாய்களுக்கு இரத்தச்சோகை வருவதைப் பதிவு செய்தார். வெங்காயத்தின் கந்தகச் சேர்மங்கள் நாயின் சிவப்பணுக்களை உடைக்கின்றன. பச்சையானாலும், வதக்கினாலும், பொடியானாலும் அதே கதிதான். இன்னொன்று 1946இல் வந்தது. அந்நாளில் நாய்கள் திடீரென்று வெறிகொண்டு ஓடி வலிப்பு வந்து விழுவதற்குக் காரணம் தெரியாமல் மருத்துவர்கள் திணறினார்கள். இங்கிலாந்தின் எட்வர்ட் மெல்லன்பி, கோதுமை மாவை வெளுக்கப் போட்ட 'ஏஜீன்' என்ற நைட்ரஜன் டிரைகுளோரைடுதான் காரணம் என்று நிரூபித்தார். அந்த மாவில் செய்த ரொட்டியைத்தான் அப்போது மனிதர்களும் தினமும் தின்றுகொண்டிருந்தார்கள். நாய் காட்டிக்கொடுத்ததால் அந்த ரசாயனம் பிறகு மாவு ஆலைகளிலிருந்தே விலக்கப்பட்டது.

நாய்க்கு மருந்தாக ஒரு டப்பா வந்ததும் இந்தப் பாடத்தின் தொடர்ச்சிதான். 1939இல் நியூ ஜெர்சியில் மார்க் மாரிஸ் என்ற கால்நடை மருத்துவரிடம், பார்வையற்ற மாரிஸ் ஃப்ராங்க் தம் வழிகாட்டி நாயைக் கூட்டிவந்தார். அதற்குச் சிறுநீரகம் பழுது. மருத்துவர் அதற்கென்று பக்குவமான உணவை வீட்டுச் சமையலறையில் தயாரித்துக் கண்ணாடிப் புட்டியில் அடைத்துக் கொடுத்தார். கேட்பவர்கள் பெருகினார்கள். தபாலில் புட்டிகள் உடைந்தன. டப்பாவுக்கு மாறினார். 1948இல் கான்சாஸ் மாநிலத்து டொபீகாவில் இருந்த ஹில் பேக்கிங் நிறுவனம் அதைத் தயாரித்து விற்க ஒப்புக்கொண்டது. அதுவரை குதிரைக்கறி அடைத்துக்கொண்டிருந்த நிறுவனம் அது. சிறுநீரக நோய்க்கான அந்த 'கே/டி' டப்பாவை நான் இன்றும் எழுதிக்கொடுக்கிறேன். இதய நோய்க்கு உப்புக் குறைத்த டப்பா அதன்பின் வந்தது. டப்பா என்றாலே நாய்க்கு ஆகாது என்பவர்களிடம் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

இனிக் கணக்கு. ஸ்பாம் லேபிளில் ஒரு வேளை என்பது 56 கிராம், விரல் தடிமனில் ஒரு துண்டு. அதில் சோடியம் 790 மில்லிகிராம், உப்பாகச் சொன்னால் சுமார் 2 கிராம். 10 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்குப் போதுமான சோடியம் ஏறத்தாழ 150 மில்லிகிராம். ஒரே துண்டில் ஐந்து மடங்கு போய்விடுகிறது. சோடியம் 25 சதவீதம் குறைத்த வகையை வாங்கினாலும் நான்கு மடங்கு. முழு டப்பாவில் சுமார் 12 கிராம் உப்பு, 90 கிராமுக்கு மேல் கொழுப்பு, ஆயிரம் கலோரிக்கு மேல் சக்தி.

இதைக் கேட்டுவிட்டு, ஒரு துண்டு தின்ற நாயைத் தூக்கிக்கொண்டு நள்ளிரவில் மருத்துவமனைக்கு ஓடவேண்டாம். நல்ல ஆரோக்கியமுள்ள நாய், பக்கத்தில் தண்ணீர் இருந்தால், ஓரளவு உப்பைச் சிறுநீரில் தள்ளிவிடும். உடல் எடையில் கிலோவுக்கு 2 முதல் 3 கிராம் உப்பு உள்ளே போனால்தான் நஞ்சின் அறிகுறிகள் தெரியத் தொடங்கும்: தீராத தாகம், வாந்தி, தள்ளாட்டம், வலிப்பு. கிலோவுக்கு 4 கிராம் என்பது உயிருக்கே ஆபத்தான அளவு. லாப்ரடார் ஒரு டப்பா தின்றாலும் இந்தக் கணக்குக்கு அருகில் வராது. 5 கிலோ பொமரேனியன் தின்றால் வந்துவிடும். கையடக்க நாய் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நைட்ரைட்டைப் பற்றியும் பயந்துகொண்டு கேட்பார்கள். வரம்புக்குள் சேர்த்த டப்பாவில் ஒரு துண்டால் நாய் நஞ்சாகிவிடாது. தினப்படி உணவாக்கினால் அது வேறு கதை.

என் அனுபவத்தில் உப்பைவிட அடிக்கடி வினையாவது கொழுப்பு. ராயபுரத்தில் ஒரு வீட்டு ஜிம்மி, வயதான வெள்ளைப் பொமரேனியன். கப்பலில் இருந்த பேரன் விடுமுறைக்கு வந்தபோது டப்பாக்கள் கொண்டுவந்திருந்தான். வறுத்த துண்டுகளில் மிஞ்சியதையும், வாணலியில் கிடந்த நெய்யோடு சோறு பிசைந்ததையும் ஆயா ஆசையாகக் கொடுத்துவிட்டார். மறுநாள் ஜிம்மியை என் மேசையில் கிடத்தினார்கள். கிடக்கவில்லை. முன்னங்கால்களை நீட்டி, மார்பை மேசையோடு தாழ்த்தி, பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. மேல்வயிறு வலிக்கும்போது நாய் எடுக்கும் நிலை அது. வயிற்றில் விரல் வைத்ததும் விறைத்து முனகியது. நுரையும் மஞ்சள் நீருமாக வாந்தி. கணையம் வீங்கி, உணவைச் செரிக்கச் சுரந்த நொதி கணையத்தையே செரித்துக்கொண்டிருந்தது.

"நாங்க சாப்ட்டதத்தானேம்மா குடுத்தேன்" என்றார் ஆயா. அவர் குரலில் இருந்த குழப்பம் நியாயமானது. அதே கறியைத் தின்ற வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

டிரிப்ஸ் ஏற்றி, வலிக்கு ஊசி போட்டு, வாந்தி நின்றதும் கொழுப்பில்லாத கஞ்சியும் வேகவைத்த கோழியும் சிறிது சிறிதாகக் கொடுத்து ஜிம்மியைத் தேற்றினோம். பிழைத்தது. ஆனால் ஒருமுறை புண்பட்ட கணையத்தை நம்ப முடியாது. சில நாய்களுக்குப் பிறகு சர்க்கரை நோய்கூட வரும். வயதான நாய், பருத்த நாய், மினியேச்சர் ஷ்னாசர் போன்ற இனங்கள் ஆகியவற்றுக்கு இந்த ஆபத்து கூடுதல்.

டப்பாவில் வரும் சாசேஜ், கறிக்குழம்பு வகைகளில் இன்னொரு கண்ணி உண்டு. ஸ்பாமில் வெங்காயம் இல்லை. மற்ற பல டப்பாக்களில் வெங்காயப் பொடியும் பூண்டுப் பொடியும் மசாலா என்ற ஒரே பெயருக்குள் ஒளிந்திருக்கும். செப்ரெல் 1930இல் எழுதியதை நினைவில் வைத்துக்கொண்டு, மசாலா என்று போட்ட எதையும் நாய்க்கு வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.

நாய்க்கு உப்பு ஏன் நம்மளவு வேண்டியதில்லை என்றும் கேட்பார்கள். நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்த்து உப்பை இழக்கும் பிராணி இல்லை அது. பாதத்தின் திண்டுகளில் கொஞ்சம் வியர்க்கும், மற்றபடி நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சிரைத்தே சூட்டை ஆற்றிக்கொள்ளும். ஊன் தின்று வளர்ந்த வம்சம் வேறு. வேண்டிய சோடியம் இரையின் இரத்தத்திலும் தசையிலுமே கிடைத்துவிடும்.

டப்பாக் கறி நாய்க்குப் பாதுகாப்பா என்ற கேள்விக்கு என் தீர்ப்பைப் பிரித்தே சொல்கிறேன். நாய்க்கென்று செய்த டப்பா, மூடி உப்பாமல், துரு ஏறாமல், தேதி தாண்டாமல் இருந்தால் தாராளமாகக் கொடுக்கலாம். அதில் முழு உணவு என்று போட்டிருக்கிறதா, துணை உணவு என்று போட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். துணை உணவை மட்டுமே வைத்து நாயை வளர்க்க முடியாது. லஞ்சன் மீட், கார்ன்ட் பீஃப், டின் சாசேஜ் ஆகிய மூன்றும் நாய் உணவு ஆகாது. நடுத்தர நாய் சுண்டுவிரல் நுனியளவு தின்றுவிட்டால் ஒன்றும் குடி முழுகாது. பழக்கமாக்காதீர்கள். இதயமோ சிறுநீரகமோ கணையமோ பழுதுபட்ட நாய்க்கு அந்த நுனியும் வேண்டாம்.

திருட்டுத்தனமாக முழு டப்பாவையும் தின்றுவிட்டால் கிண்ணம் நிறையத் தண்ணீர் வையுங்கள், டப்பாவின் அட்டையைக் கிழித்தெடுத்துக்கொண்டு மருத்துவரிடம் வாருங்கள். வாந்தி எடுக்கவைக்கிறேன் என்று பக்கத்து வீட்டார் பேச்சைக் கேட்டு உப்புக் கரைத்து வாயில் ஊற்றிவிடாதீர்கள். டப்பா செய்த கெடுதலைவிட அது பெரிய கெடுதலாகிவிடும். கறி கொடுத்தே ஆகவேண்டும் என்று மனசு கேட்காவிட்டால், குழம்புக்கு உப்பும் வெங்காயமும் போடுமுன் வெந்த துண்டில் இரண்டை எலும்பில்லாமல் எடுத்து ஆறவைத்துக் கொடுங்கள். அதற்குமேல் எந்த நாயும் கேட்காது.